நிலை: உயிருடன்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நம்பாதவர்கள் பர்னிக்கு வரட்டும், சர்வரின் பதிவேட்டை, அதான் லாகை, திறந்து காட்டுகிறேன். நான் பேய் பிசாசு பேசுகிற ஆள் இல்லை. சர்வர் பார்த்துக்கொள்கிற ஆள். எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் நேரம் பதிவாகிவிடும். யார் உள்ளே வந்தார், எதைத் தொட்டார், எத்தனை மணி, எத்தனை நிமிடம்... எல்லாம். இங்கே நான் சொல்லும் நேரங்களில் பாதி அந்த லாகிலிருந்து எடுத்தவை. மீதியை நானே கடிகாரத்தில் பார்த்தேன். ஒன்றைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

என் பெயர் டார்சி மெக்கின்னன். ஆஸ்திரேலியாவில், டாஸ்மேனியாவின் வடகரையில், பர்னியில் உள்ள ஒரு சின்ன ஆராய்ச்சி மையத்தில் வேலை. ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று பத்து வருட ஆய்வு நடக்கிறது. துறைமுக ஆட்கள், லாரி ஓட்டுபவர்கள், நர்ஸ்கள் என்று ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். மாதம் ஒரு தடவை எல்லோருக்கும் மெயிலில் ஒரு படிவம் போகும். எப்போது படுத்தீர்கள், எப்போது விழித்தீர்கள், வீட்டில் கூட இருப்பவர் யார், அவர் சரியாகத் தூங்குகிறாரா... இப்படிக் கேள்விகள்.

பதில்கள் எங்கள் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அதனால் வாடகை சர்வர் எல்லாம் கிடையாது. டீ ரூமுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் எங்கள் சொந்த இயந்திரம், அதில் அந்த அப்ளிகேஷன். அதற்கு வைத்தியம் பார்ப்பவன் நான்.

ஆனால் அதை நிறுவியவன் நான் இல்லை. ரோரி டன்லப்.

அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். இத்தனைக்கும் மனுஷன் செத்து மூன்று வருடம் ஆகிறது. விடிய விடிய இந்த சர்வருக்கு வேலை பார்த்துவிட்டு, காலை ஐந்தரைக்குக் காரை எடுத்திருக்கிறான். வழியில் கண் அசந்துவிட்டது. ஐந்து ஐம்பதுக்கு மரத்தில் மோதினான். இரண்டு மாதம் கழித்து விளம்பரம் பார்த்து, லான்செஸ்டனிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்தவன் நான்.

நாற்காலி மட்டும்தான் எனக்கு. மற்றதெல்லாம் இன்னும் அவனுடையதுதான். டீ ரூமில் அவனுடைய நீலக் கோப்பை இருக்கிறது, யாரும் அதில் குடிக்கக் கூடாது. ஒவ்வொரு கேபிளிலும் அவன் கையெழுத்தில் சீட்டு. மையத்தின் தலைவர் இமெல்டாவுக்கு அறுபது வயது. நான் எதைச் செய்தாலும் அந்த அம்மாவுக்கு ஒரே பாட்டுத்தான்.

“ரோரி இருந்தா இதை டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிருப்பான்ப்பா.”

“ரோரி இல்லையே இமெல்டா. நான்தானே இருக்கேன்.”

“அட, உடனே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே. உன்னையும்தான் எங்களுக்குப் பிடிக்கும்.”

உன்னையும்தான்! பிச்சை போட்ட மாதிரி.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பெரிய எரிச்சல் வேறு. ரோரியின் பொருட்களை எடுத்துப் போக மையத்துக்கு வந்தாள் அவன் மனைவி மேவ். அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது. போன வருடம் அக்டோபரில் அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பெயர் வைப்போம். அந்த சர்வருக்கு ரோரி வைத்திருந்த பெயர், மேவ். தினமும் காலையில் நான் உள்ளே நுழைந்ததும் திரையில் முதல் வரி, “மேவ் தயார். வா, ரோரி.” அதை மாற்றப் போனால் பாதி வேலைகள் நின்றுபோகும். படுபாவி அப்படிக் கட்டி வைத்திருந்தான்.

வீட்டிலும் விடவில்லை. கதவுக்குப் பின்னால் கொக்கியில் அவனுடைய பச்சைக் கம்பளிக் குல்லா தொங்கும். எடுக்கப் போனால், “அது பாட்டுக்கு இருக்கட்டும் டார்சி” என்பாள் மேவ். அப்புறம் அந்த 2:40. செத்த அன்றைக்கு ராத்திரி ரோரி அவளிடம் கடைசியாக போனில் பேசியது அந்த நேரத்தில்தான். ‘நீ தூங்கு, நான் வந்துடறேன்’ என்றானாம். அன்றிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் சரியாக 2:40க்கு எழுந்துவிடுவாள். சமையலறையில் போய் இருட்டில் உட்காருவாள். இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். வெளியே மூச்சு விட்டதில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரே ஒரு ராத்திரி, அவள் என் பக்கத்தில் விடியும்வரை தூங்க வேண்டும். ஜூன்வரை எட்டு மாதமாக அது நடக்கவில்லை.

ஜூன் பதினான்கு, வெள்ளிக்கிழமை. புது இயந்திரம் வந்திருந்தது. பழையதிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து, அப்ளிகேஷனைப் புதிதாக நிறுவி, பழையதை ஒரேயடியாக அணைத்துவிட வேண்டும். அந்த நாளுக்காக எத்தனை மாதம் காத்திருந்தேன் தெரியுமா! புது இயந்திரத்துக்கு வெறும் எண்தான் பெயர்.

காலையில் மேவ் கேட்டாள்.

“இன்னிக்கு சீக்கிரம் வந்துடறியா?”

“இன்னிக்கா? இன்னிக்குத்தானே மெஷினை மாத்தறேன். எட்டு எட்டரை ஆகும்.”

“ஏழே காலுக்காவது வரப் பாரேன்.”

“அதென்ன கணக்கு, ஏழே கால்?”

“ஒண்ணுமில்ல. மீன் பை சுடலாம்னு பார்த்தேன். சூடா சாப்பிடலாமேன்னு.”

அன்று என்ன தேதி என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்திருந்தால் போயிருப்பேனா என்றால்... அதுவும் தெரியாது.

நாலு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். இமெல்டா கோட்டை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“தனியா சமாளிச்சிடுவியா?”

“ஏன், ரோரி தனியாத்தானே பண்ணான்?”

“அவன் பண்ணான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

4:10க்கு அப்ளிகேஷனை நிறுத்தினேன். வெளியே போகும் கேபிளைப் பிடுங்கி மேஜைமேல் போட்டேன். இனி வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது, உள்ளிருந்து ஒரு மெயில்கூட வெளியே போக முடியாது. எங்கள் ஊரில் ஜூன் குளிர்காலம், 4:45க்கே இருட்டத் தொடங்கிவிட்டது. கடல் காற்று ஜன்னலை ஆட்டிக்கொண்டிருந்தது. எல்லாத் தகவலையும் நகல் எடுத்தேன். எண்ணிப் பார்த்தேன். இமெல்டாவின் பேரேட்டில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர்கள் 1,214 பேர். இயந்திரத்தில் 1,215.

ஒன்று அதிகம். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

5:20க்குப் பழைய இயந்திரத்தை அணைத்தேன். ‘மேவ் அணைகிறது’ என்று திரையில் வந்தது. அதோடு விடாமல் பிளக்கையும் பிடுங்கினேன். என்ன ஒரு திருப்தி!

6:15க்குப் புதியது ஓட ஆரம்பித்தது. இனி சோதனை. எங்கள் வழக்கம் இதுதான். பொய்யாக ஒரு ஆளைச் சேர்ப்போம். அவருக்குப் படிவம் அனுப்புவோம். நாமே நிரப்பிப் பார்ப்போம். சரியாக இருந்தால் அந்தச் சோதனை ஆளை உடனே மூடிவிடுவோம். ‘சோதனை ஒன்று’, ‘சோதனை இரண்டு’ என்று ஏதாவது பெயர் வைப்பது பழக்கம்.

நான் ‘ரோரி டன்லப்’ என்று அடித்தேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். பொறாமைதான், வேறென்ன? இத்தனை வருடம் அவன் வீட்டுக்குள் நான் வேலைக்காரன் மாதிரி இருந்தேன். இன்றைக்கு என் வீட்டுக்குள் அவன் வெறும் சோதனை ஆள். கேட்டபடி வருவான், மூடினால் போவான். தனியாக உட்கார்ந்து சிரித்தேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல.

அடுத்த கட்டம், ‘நிலை’. அதில் இரண்டே தேர்வு. உயிருடன், இறந்தவர். இறந்தவர் என்று போட்டால் படிவம் போகாது.

‘உயிருடன்’ என்று அழுத்தினேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். சோதனை ஆளை, ஒத்திகைக்கென்று வைத்திருக்கும் தனிப் பிரதியில்தான் சேர்க்க வேண்டும். சிரித்த சிரிப்பில், உண்மையான ஆய்விலேயே சேர்த்துவிட்டேன். அங்கே ஏறிய பதிவை யாராலும் அழிக்க முடியாது, மூடத்தான் முடியும்.

6:22க்கு ‘அனுப்பு’ பொத்தானைத் தட்டிவிட்டு டீ போடப் போனேன்.

டீ ரூமில் குழாயடியில் நீலக் கோப்பை இருந்தது. ஈரமாக. இமெல்டா கழுவி வைத்திருப்பார் என்று நினைத்தேன். ஆனால் தொட்டுப் பார்த்தபோது சுட்டது.

6:31க்குத் திரும்பி வந்தேன். எங்கள் அப்ளிகேஷனில் காலிப் படிவத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருக்கும். பாதி நிரப்பியிருந்தால் மஞ்சள். முழுதும் முடிந்தால் பச்சை.

ரோரியின் படிவம் மஞ்சளாக இருந்தது.

புது இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று திறந்து பார்த்தேன்.

கடைசியாகத் தூங்கத் தொடங்கிய நேரம்? ‘காலை 5:50.’

விழித்த நேரம்? ‘மாலை 6:22.’

எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? ‘26,316.’

அந்தக் கட்டத்தில் இருபத்துநாலுக்கு மேல் எண்ணே ஏறாது. அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டவனே ரோரிதான். கைக்குக் கிடைத்த காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன். ஆயிரத்துத் தொண்ணூற்றாறு நாள். மேலே பன்னிரண்டு மணி நேரம்.

மூன்று வருடம். சரியாக.

அப்போதுதான் அன்றைய தேதி எனக்கு உறைத்தது. ரோரி செத்த அதே ஜூன் பதினான்கு.

கேபிளைப் பார்த்தேன். பிடுங்கியபடி மேஜைமேல்தான் கிடந்தது. கட்டடத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. என் கை விசைப்பலகையில் இல்லை. ஆனாலும் அடுத்த கட்டத்தில்... ஒவ்வொரு எழுத்தாக... விழுந்துகொண்டிருந்தது.

6:44. வீட்டில் கூட இருப்பவர்? ‘மேவ்.’

6:47. அவர் சரியாகத் தூங்குகிறாரா? ‘இல்லை. 2:40க்கு எழுந்துவிடுகிறாள்.’



6:51. வீட்டில் வேறு யாராவது? ‘ஒருவன் இருக்கிறான். இப்போது வீட்டில் இல்லை.’

‘மூடு’ பொத்தானை அழுத்தினேன். மூடவில்லை. “இந்தப் பதிவு இப்போது வேறொருவர் கையில் இருக்கிறது” என்று வந்தது. வேறு யாராவது அதைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தால் வரும் வரி அது.

நிலையை ‘இறந்தவர்’ என்று மாற்றினேன். தேதி கேட்டது. மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூன் பதினான்கைப் போட்டேன்.

ஏற்கவில்லை. சிவப்பில் ஒரு வரி. “இறந்த தேதி, கடைசியாகப் பதில் சொன்ன தேதிக்கு முன்னால் இருக்க முடியாது.”

மறுபடி போட்டேன். மறுபடி அதே வரி.

7:02. பின்னால்... ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம்.

திரும்பினேன்.

பழைய இயந்திரத்தின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிளக் தரையில் கிடந்தது. நானே பிடுங்கிப் போட்ட பிளக்.

அதன் திரையில் ஒரே ஒரு வரி.

‘மேவ் தயார். வா, ரோரி.’

7:04. புதுத் திரையில் கடைசிக் கேள்வி. இன்று வீடு திரும்பும் நேரம்?

‘7:15.’

புள்ளி பச்சையானது.

விசிறி நின்றது.

மேவுக்கு போன் செய்தேன். மணி அடித்தது... அடித்தது... எடுக்கவில்லை. கோட்டைக்கூட எடுக்காமல் காருக்கு ஓடினேன். எங்கள் வீடு பென்குவின் என்ற பக்கத்து ஊரில். எவ்வளவு மிதித்தும் 7:31 ஆகிவிட்டது.

கதவு சாத்தியிருந்தது. விளக்கு எரியவில்லை.

சமையலறைத் தொட்டியில் இரண்டு தட்டு. இரண்டிலும் சாப்பிட்டு முடித்திருந்தது.

கொக்கியில் குல்லா இல்லை.

படுக்கை அறையில் மேவ் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததே இல்லை. முகத்தில் சிரிப்பு. என் தலையணையில் ஒரு பள்ளம். அதன்மேல் அந்தப் பச்சைக் குல்லா. போர்வைக்குள் கையை விட்டேன்.

என் பக்கம் சூடாக இருந்தது.

அவளை நான் எழுப்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2:39. 2:40. 2:41... அவள் அசையவே இல்லை. விடியும்வரை தூங்கினாள். நான் ஆசைப்பட்ட அதே தூக்கம், வேறொருவன் கொடுத்து.

காலை ஒன்பதுக்குச் சோம்பல் முறித்துக்கொண்டே வந்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளாக அப்படிக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

“மூணு வருஷத்துல நேத்திக்குத்தான் ஒழுங்காத் தூங்கினேன் டார்சி. தேங்க்ஸ்.”

“எதுக்கு?”

“சொன்ன நேரத்துக்கு வந்தியே, அதுக்குத்தான்.”

“எத்தனை மணிக்கு வந்தேன்?”

“ஏழே கால். என்ன, தூக்கக் கலக்கமா? ஒரு வார்த்தை பேசலையே நீ. விளக்கு வேண்டாம்னு கையக் காட்டின. இருட்டுலேயே ரெண்டு பேரும் சாப்பிட்டோம்.” என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். “தப்பா நினைச்சுக்காதே. அவனும் தினம் ஏழே காலுக்குத்தான் வருவான். அதான் கேட்டேன்.”

அது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். முழுங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை இமெல்டா புது சர்வரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக ஓடியது. முதுகில் ஒரு தட்டுத் தட்டி, “பரவாயில்லையே! அப்படியே ரோரி கை வேலை மாதிரியே இருக்குப்பா” என்றார்.

ஜூலை பதினான்கு வந்தது. ரோரிக்கு அடுத்த படிவம் போக வேண்டிய நாள். முந்தின நாளே அதைத் தடுத்து வைத்தேன். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கே வீட்டுக்குப் போய், மேவோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அவள் பக்கத்தில் படுத்தேன். 2:40க்கு எழுந்து போனாள். அழுகிற சத்தம் கேட்டது. அந்த ஒரு மாதமும் 2:40க்கு அவள் எழுந்ததே இல்லை.

மறுநாள் நானே ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினேன். அழுத்திவிட்டு வீட்டுக்குப் போகாமல் மையத்திலேயே கிடந்தேன். அன்றிலிருந்து மாதா மாதம் இப்படித்தான். என் கையாலேயே அவனை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டீ ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். வயிறு எரிகிறது. எரியட்டும், அவள் தூங்குகிறாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டேன்.

செப்டம்பரில் இமெல்டா கணக்கு கேட்டார். பேரேட்டில் 1,214, இயந்திரத்தில் 1,216. ஒன்று ரோரி. இன்னொன்று யார்? அன்று நான் தள்ளிப்போட்ட அந்த ஒரு ஆள்? எங்கள் ஆய்வில் ஆட்கள் வெறும் எண்கள்தான், பெயர்கள் தனியே பூட்டியிருக்கும். பேரேட்டில் இல்லாத எண்ணைத் தேடிப் பிடித்தேன். பூட்டைத் திறந்து பார்த்தேன்.

அது ஒரு சோதனை ஆள். சேர்த்தவன் ரோரி டன்லப். சேர்த்தது மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூன் பதினான்கு, காலை 5:12. அவன் காரை எடுப்பதற்குப் பதினெட்டு நிமிடம் முன்னால்.

பெயர், டார்சி மெக்கின்னன். நிலை, உயிருடன். வீட்டில் கூட இருப்பவர், மேவ்.

அந்தக் காலையில் நான் லான்செஸ்டனில் தூங்கிக்கொண்டிருந்தேன். ரோரியை நான் பார்த்ததில்லை. இந்த மையத்தின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. மேவ் என்று ஒருத்தி இருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. வேலைக்கான விளம்பரம் வந்ததே அவன் செத்துப் பல வாரம் கழித்துத்தான்.

சோதனை முடிந்ததும் சோதனை ஆளை மூடிவிடுவது எங்கள் வழக்கம் என்று சொன்னேனே... ரோரி ஒன்றைக்கூட மறந்ததில்லை. ஏழு வருடப் பதிவையும் பார்த்துவிட்டேன். எல்லாச் சோதனை ஆட்களையும் அன்றன்றே மூடியிருக்கிறான்.

என்னை மட்டும் இன்னும் மூடவில்லை.

நானே மூடிவிடலாம் என்று நேற்று அந்தப் பொத்தானை அழுத்தினேன். மூடவில்லை. அந்தப் பதிவு இப்போது வேறொருவர் கையில் இருக்கிறதாம்.